ராக் பாட்டுக்குள் ஒளிந்திருக்கும் புத்தகங்களைக் கண்டுபிடிப்பது எப்படி?

1965க்கும் 1985க்கும் இடையில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ராக் பாட்டு எழுதியவர்களில் பலர் விடாமல் படித்தவர்கள். படித்தது பாட்டில் வந்து சேர்ந்தது. சிலர் நூலின் பெயரையே தலைப்பாக வைத்தார்கள். வேறு சிலர் ஒரு காட்சியையோ பாத்திரத்தையோ வாக்கியத்தையோ எடுத்துத் தங்கள் வரிகளோடு கலந்துவிட்டு, எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லாமல் போய்விட்டார்கள். அந்த இரண்டாவது வகையைத் தேடிப் பிடிக்க விரும்புபவர்களுக்காக இந்த வழிகாட்டி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். "இந்த வரி இந்த நாவலிலிருந்து வந்தது" என்று கண்டுபிடிப்பது பாதி வேலைதான். நாவலில் இருந்ததைப் பாட்டு எங்கே மாற்றியது என்று பார்ப்பது மறுபாதி. இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன. அதனால்தான் அவற்றைப் படித்த பிறகும் பாட்டு பழையபடியே கேட்கிறது.

கையில் என்ன வேண்டும்

முதலில் நம்பகமான பாடல் வரிகள். வரிகளைத் தரும் இணையதளங்களில் காதால் கேட்டு எழுதியவை ஏராளம். ஒரு சொல் தப்பினால் தேடல் முழுக்கத் திசைமாறும். கூடுமானவரை இசைத்தட்டு உறையில் அச்சிட்ட வரிகளைப் பாருங்கள். பழைய உறைகளின் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. எல்லா உறையும் உதவாது. லெட் செப்பெலினின் நான்காவது ஆல்பத்தில் (1971) 'ஸ்டேர்வே டு ஹெவன்' வரிகளை உள்ளுறையில் அச்சிட்டிருந்தார்கள். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீனின் வாசகர்கள் அதிகம் தேடும் 'தி பேட்டில் ஆஃப் எவர்மோர்' வரிகள் அதில் இல்லை. அப்படிப்பட்ட பாட்டுகளுக்கு இரண்டு மூன்று இடங்களில் உள்ள வரிகளை ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தை மட்டும் நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள்.

இரண்டாவது, மூலநூல். பழைய ஆங்கில நூல்கள் பெரும்பாலும் குட்டன்பர்க் திட்டத்தின் தளத்தில் இலவசம். லூயிஸ் கரோல், பிளேக், கோல்ரிட்ஜ், எமிலி பிராண்ட்டி, ஷேக்ஸ்பியர் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். பைபிளுக்குத் தமிழ் பைபிளே இடத்தைக் கண்டுபிடிக்கப் போதும். ஆனால் சொல்லுக்குச் சொல் ஒப்பிடும்போது 1611ஆம் ஆண்டின் கிங் ஜேம்ஸ் பதிப்பைத்தான் திறக்க வேண்டும். இந்தப் பாடலாசிரியர்களின் காதில் ஊறியது அந்தப் பதிப்பின் நடை.

மூன்றாவது, ஒரு நோட்டு. பக்கத்தை ஐந்து கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: பாட்டின் வரி, சந்தேகப்படும் நூலும் அத்தியாயமும், இரண்டின் ஆண்டுகள், நூல் எழுதியவர் கைக்கு வந்த வழி, பாட்டு மாற்றியது என்ன. ஐந்தாவது கட்டம் காலியாக இருக்கும்வரை வேலை முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: உறுத்தும் சொல்லைப் பிடியுங்கள்

பாட்டை முதலில் வரிகள் இல்லாமல் ஒருமுறை கேளுங்கள். பிறகு வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை. இந்த இரண்டாம் முறையில், சுற்றியுள்ள பேச்சோடு ஒட்டாத இடங்களுக்கு அடிக்கோடு போடுங்கள்.

எளிதாக மாட்டுவது பெயர்ச்சொல். லெட் செப்பெலினின் 'ராம்பிள் ஆன்' (1969) ஊர்விட்டு ஊர் போகும் ஒருவனின் காதல் பாட்டு. நடுவில் திடீரென்று மோர்டோர் என்ற நாடும் கோலம் (Gollum) என்ற பாத்திரமும் வருகின்றன. 1954-55இல் வந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' தவிர வேறு இடமே இல்லை. இது ஒளிவே இல்லாத எடுத்தாளல், புதியவர்களுக்கு நல்ல தொடக்கம்.

அடுத்தது நடை மாறும் இடம். சாதாரணப் பேச்சு மொழியில் போய்க்கொண்டிருக்கும் பாட்டில் ஒரு வரி மட்டும் பழைய கவிதைபோல் எழுந்து நின்றால் சந்தேகப்படுங்கள். டோர்ஸ் குழுவின் 'எண்ட் ஆஃப் தி நைட்' (1967) பாட்டில், சிலர் இனிய இன்பத்துக்கும் சிலர் முடிவில்லா இரவுக்கும் பிறக்கிறார்கள் என்று வரும் வரிகள் அப்படிப்பட்டவை. அவை வில்லியம் பிளேக்கின் 'ஆகரீஸ் ஆஃப் இன்னொசன்ஸ்' கவிதையின் வரிகள்.

கடினமானது மூன்றாவது வகை: பெயரும் இல்லை, பழைய நடையும் இல்லை, காட்சி மட்டும் இருக்கும். ஸ்டீலி டான் குழுவின் 'ஹோம் அட் லாஸ்ட்' (1977) பாட்டில் ஒருவன் பாய்மரத்தில் கட்டப்பட்டிருக்கிறான். ஹோமரின் 'ஒடிசி' காவிய நாயகன் யுலிசிஸின் பெயர் எங்கும் வராது. 'ஒடிசி' தெரிந்தவர்களுக்கு மட்டும் அந்தக் கயிறு கண்ணில் படும். இந்த வகையைப் பிடிக்கக் குறுக்குவழி இல்லை. ஆனால் இந்தப் பாடலாசிரியர்கள் திரும்பத் திரும்பப் போன ஊற்றுகள் சில உண்டு. பைபிளில் ஏசாயா, பிரசங்கி, சங்கீதம், வெளிப்படுத்தின விசேஷம்; ஹோமர்; ஷேக்ஸ்பியரின் நாலைந்து நாடகங்கள்; பிளேக், கோல்ரிட்ஜ்; ஆலிஸ் கதைகள் இரண்டு; எலியட்; ஆர்வெல்; டோல்கீன். இவற்றின் கதைச்சுருக்கமாவது தெரிந்திருந்தால் காட்சி வரும்போது மணி அடிக்கும்.

படி 2: புத்தகத்தின் பெயரோடு நிற்காதீர்கள், இடத்துக்குப் போங்கள்

முழு நாவலையும் படித்து முடித்துத்தான் ஒப்பிட வேண்டும் என்பதில்லை. பெரும்பாலான பாட்டுகள் ஒரு அத்தியாயத்திலிருந்தோ சில வரிகளிலிருந்தோதான் எடுக்கின்றன. அந்த இடத்தை மட்டும் மெதுவாகப் படியுங்கள்.

ஜெஃபர்சன் ஏர்ப்ளேன் குழுவின் 'ஒயிட் ராபிட்' (1967) இதற்குச் சரியான பயிற்சி. கிரேஸ் ஸ்லிக் எழுதிப் பாடியது, மொத்தம் இரண்டரை நிமிடம். ஆலிஸ் பாட்டு என்று எல்லாருக்கும் தெரியும். எந்த ஆலிஸ் என்று கேட்டால்தான் வேலை தொடங்குகிறது. லூயிஸ் கரோலின் 1865ஆம் ஆண்டு 'ஆலிஸ் இன் ஒண்டர்லேண்ட்' ஒன்று, 1871இன் 'த்ரூ தி லுக்கிங் கிளாஸ்' இன்னொன்று. ஹூக்கா புகைக்கும் கம்பளிப்புழு முதல் நூலின் ஐந்தாம் அத்தியாயத்தில் இருக்கிறது. எழுந்து நடமாடும் சதுரங்கக் காய்கள் இரண்டாம் நூலில். வெள்ளைக் குதிரைவீரன் இரண்டாம் நூலின் எட்டாம் அத்தியாயத்தில் வருகிறான். தலைகீழாகக் கிடக்கும்போதுதான் தனக்குப் புதுப்புது யோசனை பிறக்கிறது என்கிறான். பாட்டில் அவன் பின்னோக்கிப் பேசுகிறான்.

இப்போது சிவப்பு ராணியைப் பாருங்கள். பாட்டில் தலையை வெட்டச் சொல்பவள் அவள். நூலில் அப்படிக் கத்துபவள் சீட்டுக்கட்டின் ஹார்ட்டின் ராணி, முதல் நூல்காரி. சிவப்பு ராணி இரண்டாம் நூலில் வரும் சதுரங்க ராணி. நின்ற இடத்திலேயே நிற்க மூச்சிரைக்க ஓட வேண்டும் என்று சொல்பவள் அவள். யார் தலையையும் வெட்டச் சொல்வதில்லை. இரண்டு ராணிகளும் பாட்டில் ஒருத்தியாகிவிட்டார்கள். நூலில் ஒன்பதடிக்குச் சற்று மேலே வளரும் ஆலிஸ், பாட்டில் பத்தடி ஆகிறாள். நூலில் அவள் அளவை மாற்றுபவை குப்பிப் பானமும் கேக்கும் காளானும். மாத்திரை எங்கும் இல்லை. அது 1960களின் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்தது.

கடைசி வரி இன்னும் சுவையானது. டார்மவுஸ் என்னும் தூங்குமூஞ்சிச் சுண்டெலி சொன்னதை நினைவில் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, தலைக்குத் தீனி போடு என்று பாட்டு உச்சத்தில் முடிகிறது. நூலில் சுண்டெலி அப்படி எதையும் சொல்லவில்லை. பதினொன்றாம் அத்தியாயத்து நீதிமன்றக் காட்சிக்குப் போங்கள். சாட்சி சொல்ல வந்த தொப்பிக்காரனிடம் ஜூரி ஒருவர் கேட்கிறார்: சுண்டெலி என்ன சொன்னது? நினைவில்லை என்கிறான் தொப்பிக்காரன். கரோல் காலியாக விட்ட இடத்தில் ஸ்லிக்கின் வரி வந்து உட்காருகிறது. நூலில் மறந்துபோன வாக்கியத்தை நினைவில் வை என்கிறது பாட்டு. இந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு மறுபடி கேட்பவருக்குக் கடைசிப் பதினைந்து விநாடி வேறு பாட்டாகக் கேட்கும்.

படி 3: தேதியும் வழியும்

ஒற்றுமை கண்ணில் பட்டதும் உடனே ஆண்டுகளைச் சரிபாருங்கள். இதைச் செய்யாமல் விடுவதால்தான் பாதித் தவறுகள் நேர்கின்றன. மேலே சொன்ன பிளேக் வரிகளை அகதா கிறிஸ்டியும் தன் நாவல் ஒன்றுக்கு எடுத்திருக்கிறார். 'எண்ட்லஸ் நைட்' என்ற தலைப்பே அதிலிருந்துதான். டோர்ஸ் கிறிஸ்டியைப் படித்து எழுதினார்களா? முடியாது. டோர்ஸின் முதல் ஆல்பம் 1967 ஜனவரியில் வந்தது, கிறிஸ்டி நாவல் அதே ஆண்டு அக்டோபரில்.

தேதி பொருந்திவிட்டால் அடுத்த கேள்வி, அந்த நூல் இவர் கைக்கு எப்படி வந்தது என்பது. ரோலிங் ஸ்டோன்ஸின் 'சிம்பதி ஃபார் தி டெவில்' (1968) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ரஷ்ய எழுத்தாளர் மிகயீல் புல்ககோவ் 1940இல் இறந்தார். அவருடைய நாவல் 'தி மாஸ்டர் அண்ட் மார்கரீட்டா' 1966-67இல்தான் 'மாஸ்க்வா' இதழில், தணிக்கைக்கு உட்பட்டு, முதன்முதலாக வெளிவந்தது. 1967இல் ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது. பாடகி மேரியன் ஃபெய்த்ஃபுல் அதைத் தன் அப்போதைய காதலரும் ஸ்டோன்ஸின் பாடகருமான மிக் ஜாகரிடம் கொடுத்தார். 1968 ஜூனில் லண்டன் ஒலிம்பிக் ஸ்டூடியோவில் பாட்டுப் பதிவாகிறது. சங்கிலியில் ஒரு கண்ணியும் விடுபடவில்லை. நாவலின் முதல் அத்தியாயத்தில் மாஸ்கோ பூங்காவில் இரண்டு பேரிடம் மரியாதையாக வந்து பேச்சுக் கொடுக்கும் கனவான் சாத்தான். இரண்டாம் அத்தியாயத்தில் பொந்தியு பிலாத்து. பாட்டும் மரியாதையான அறிமுகத்தில் தொடங்கி உடனே பிலாத்துவிடம் போகிறது. வரிசைகூட ஒன்றுதான்.

இத்தனைக்குப் பிறகும் 1995இல் ஒரு பேட்டியில் ஜாகர் பிரெஞ்சுக் கவிஞர் போதலேரைத்தான் முதலில் நினைவுகூர்ந்தார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். எழுதியவர் பேட்டியில் சொன்னதை ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வேண்டாம். நூல் தரும் சான்றும் பேட்டியும் முரண்பட்டால் இரண்டையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

நூல் எப்போதும் நூலாகவே வந்து சேருவதில்லை. பீட்டில்ஸின் 'கோல்டன் ஸ்லம்பர்ஸ்' (1969) வரிகள் தாமஸ் டெக்கர் பங்கெடுத்து 1603இல் அச்சான ஒரு நாடகத்தின் தாலாட்டிலிருந்து வந்தவை. பால் மெக்கார்ட்னி நாடகத்தைப் படித்து எடுக்கவில்லை. தந்தை வீட்டுப் பியானோவின் மேல் அந்தத் தாலாட்டின் இசைத்தாள் இருந்தது. இசைக்குறிகளைப் படிக்கத் தெரியாததால் தானே மெட்டுப் போட்டார். ஜார்ஜ் ஹாரிசனின் 'தி இன்னர் லைட்' (1968) வேறு வழியில் வந்தது. கேம்பிரிட்ஜில் சமஸ்கிருதம் கற்பித்த ஹுவான் மஸ்காரோ, தான் தொகுத்த 'லாம்ப்ஸ் ஆஃப் ஃபயர்' நூலை ஹாரிசனுக்கு அனுப்பி, பழைய சீன நூலான தாவோ தே ஜிங்கின் 47ஆம் பகுதிக்கு இசையமைக்கலாமே என்று கடிதம் எழுதினார். ஹாரிசன் அந்த ஆண்டு ஜனவரியில் பம்பாய் எச்.எம்.வி. ஸ்டூடியோவில் இந்தியக் கலைஞர்களைக் கொண்டு அதன் இசையைப் பதிவுசெய்தார். தாவோவின் சொற்களுக்குக் கீழே இந்திய வாத்தியங்கள் ஒலிப்பதன் காரணம் இதுதான்.

மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்திருந்தால் எந்த மொழிபெயர்ப்பு என்பதே துப்பு. பிங்க் ஃப்ளாய்டின் 'செட் தி கண்ட்ரோல்ஸ் ஃபார் தி ஹார்ட் ஆஃப் தி சன்' (1968) வரிகளில் பல, ஒன்பதாம் நூற்றாண்டை ஒட்டிய சீனக் கவிஞர்களுடையவை. லீ ஹ, லீ ஷாங்யின் ஆகியோரின் வேறு மொழிபெயர்ப்புகளைத் திறந்தால் ஒற்றுமை மங்கலாகத்தான் தெரியும். ஏ. சி. கிரஹாம் மொழிபெயர்த்துப் பெங்குவின் 1965இல் வெளியிட்ட 'போயம்ஸ் ஆஃப் தி லேட் தாங்' தொகுப்பைத் திறந்தால் சொற்களே வந்து நிற்கும். பாட்டை எழுதிய ரோஜர் வாட்டர்ஸ் கையில் இருந்தது அந்த நூல். ஒற்றுமை அரைகுறையாகத் தெரிந்தால் தேடலைக் கைவிடுமுன் பாட்டு எழுதிய காலத்தில் விற்ற மலிவுப் பதிப்பு எது என்று பாருங்கள்.

படி 4: பாட்டு எதை மாற்றியது?

இதுதான் மையமான வேலை. நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேட் புஷ்ஷின் 'வுதரிங் ஹைட்ஸ்' (1978) வழியாக முறையைப் பார்க்கலாம். எமிலி பிராண்ட்டியின் 1847 நாவலில் மூன்றாம் அத்தியாயத்தில்தான் அந்த ஜன்னல் இருக்கிறது. உள்ளே விடு, வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று ஜன்னலுக்கு வெளியே கெஞ்சும் கேத்தியின் ஆவி. நாவலில் அந்தக் குரலைக் கேட்பவர் அவளைக் காதலித்த ஹீத்க்ளிஃப் இல்லை. ஒருநாள் இரவு தங்க வந்த லாக்வுட் என்ற அயலார். அவர் பயந்து அந்தக் கையைத் தள்ளப் பார்க்கிறார். ஹீத்க்ளிஃப் விஷயம் தெரிந்து ஓடிவந்து ஜன்னலைத் திறந்து அழைக்கும்போது வெளியே பனிக்காற்று மட்டும்தான். பாட்டு என்ன செய்கிறது? லாக்வுட்டை நீக்கிவிடுகிறது. ஆவியே வாய் திறந்து ஹீத்க்ளிஃப்பை நேராக அழைக்கிறது. நாவல் கடைசிவரை நடக்கவிடாத சந்திப்பைப் பாட்டு நான்கரை நிமிடத்தில் முயல்கிறது. அந்த உச்சக் குரல் ஏன் மனிதக் குரல்போல் இல்லை என்பதும் அப்போது விளங்கும்: பாடுவது ஜன்னலுக்கு வெளியே நிற்பவள்.

அடுத்தது பாப் டிலனின் 'ஆல் அலாங் தி வாட்ச்டவர்' (1967). அடுத்த ஆண்டு ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் பாடியதுதான் பலருக்கும் தெரியும். தமிழ் பைபிளில் ஏசாயா 21ஆம் அதிகாரம், 5 முதல் 9 வரை உள்ள ஐந்து வசனங்களைத் திறந்து வையுங்கள். பந்தி, பிரபுக்கள், காவல் நிற்பவன், ஜோடி ஜோடியாய் வரும் குதிரைக்காரர்கள், கடைசியில் பாபிலோன் விழுந்தது என்ற அறிவிப்பு. கிங் ஜேம்ஸ் பதிப்பில் எட்டாம் வசனத்தில் காவலன் சிங்கம் என்று கத்துகிறான். பாட்டில் தூரத்தில் ஒரு காட்டுப்பூனை உறுமுகிறது, இரண்டு குதிரைக்காரர்கள் வருகிறார்கள், காற்று ஊளையிடுகிறது. அங்கேயே முடிந்துவிடுகிறது. வீழ்ச்சியின் அறிவிப்பு வரவே இல்லை. ஏசாயாவில் அடுத்த வசனம் என்னவென்று தெரிந்தவருக்கு அந்த முடிவு திகிலாக இருக்கும்.

நுணுக்கமாக வேலை செய்ய ஆசைப்பட்டால் ஜெனிசிஸ் குழுவின் 'தி சினிமா ஷோ' (1973) கிடைத்த வரம். தலைப்பு சினிமா, பாத்திரங்களின் பெயர் ரோமியோ, ஜூலியட். ஷேக்ஸ்பியர்தான் என்று முடிவுகட்டிவிடத் தோன்றும். அது முகப்பு மட்டும். டி. எஸ். எலியட்டின் 'தி வேஸ்ட் லேண்ட்' (1922) மூன்றாம் பகுதியில் 215 முதல் 256 வரையுள்ள வரிகளைப் பக்கத்தில் வையுங்கள். எலியட்டில் மாலையில் வேலை முடிந்து வந்த டைப்பிஸ்ட் பெண் காலையில் சாப்பிட்ட தட்டுகளை எடுத்து வைக்கிறாள். பாட்டில் ஜூலியட்டும் அதையே செய்கிறாள். எலியட்டில் அவளைப் பார்க்க வரும் குமாஸ்தாவின் தன்னம்பிக்கை, பிராட்ஃபோர்டு கோடீஸ்வரன் தலையில் பட்டுத்தொப்பி உட்கார்ந்திருப்பதைப்போல் இருக்கிறது. பாட்டில் பூப்போட்ட டை கட்டிய ரோமியோ வார இறுதிக் கோடீஸ்வரன். கோடீஸ்வரன் என்ற அந்த ஒரு சொல் கைரேகை மாதிரி. எலியட்டைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறார்கள்.

பிறகு இரண்டிலும் டைரீசியஸ் வருகிறார். ஆணாகவும் பெண்ணாகவும் வாழ்ந்த கிரேக்கத் தீர்க்கதரிசி. எலியட் தன் கவிதைக்குத் தானே எழுதிய குறிப்பில், 218ஆம் வரிக்குக் கீழே, கவிதையிலேயே முக்கியமான ஆள் இவர்தான் என்று சொல்லி ரோமானியக் கவிஞர் ஓவிடின் லத்தீன் வரிகளைத் தருகிறார். அதனால் ஓவிடின் 'மெட்டமார்ஃபசஸ்' மூன்றாம் புத்தகத்துக்கும் போக வேண்டியிருக்கிறது. அங்கே ஜூபிடரும் ஜூனோவும் ஆண் பெண் இருவரில் யாருக்கு இன்பம் அதிகம் என்று டைரீசியஸிடம் தீர்ப்புக் கேட்கிறார்கள். பெண்ணுக்கே என்கிறார் அவர். கோபித்த ஜூனோ பார்வையைப் பறிக்கிறாள். பாட்டில் ஆணாக இருந்தபோது கடல், பெண்ணாக இருந்தபோது நிலம் என்று பேசும் டைரீசியஸ், உண்மையில் கடலைவிட நிலமே அதிகம் என்று முடிக்கிறார். ஓவிட் தெரியாவிட்டால் இது தப்பான பூகோளப் பாடமாகத்தான் கேட்கும். தெரிந்தால் அதே பழைய தீர்ப்பு. மாற்றம் எங்கே? எலியட்டின் டைரீசியஸ் அந்த அறையைப் பார்த்துச் சலித்துப்போகிறார், எல்லாம் முன்பே அனுபவித்தாயிற்று. ஜெனிசிஸின் டைரீசியஸ் இளையவர்களுக்கு ஆசி சொல்வதைப்போல் பாடுகிறார், பின்னால் வரும் நீண்ட கீபோர்டுப் பகுதி அந்த ஆசியை எடுத்துக்கொண்டு போகிறது. எலியட்டின் வெறுமையை எடுத்து மகிழ்ச்சியாக்கிய துணிச்சல் அது. ராக் இசையில் இலக்கியத்தை எடுத்தாண்டதில் இதற்கு மேலான வேலை வெகு சிலதான் உண்டு.

பிங்க் ஃப்ளாய்டின் 'அனிமல்ஸ்' (1977) ஆல்பம் ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை'யிலிருந்து கிளம்பியது என்பது பழைய செய்தி. ஐந்தாவது கட்டத்தில் எழுத வேண்டியது இது: ஆர்வெல்லின் ஆடுகள் சொல்லிக்கொடுத்ததைக் கத்துபவை, ஃப்ளாய்டின் ஆடுகள் கிளர்ந்தெழுந்து நாய்களைக் கொல்பவை. 'ஷீப்' பாட்டின் நடுவில் இயந்திரக் குரலில் 23ஆம் சங்கீதம் வருகிறது. "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று தொடங்குவதுதான். ஆனால் இந்த மேய்ப்பர் கொக்கியில் தொங்கவிட்டு ஆட்டிறைச்சித் துண்டாக்குகிறார்.

எங்கே வழுக்கும்

வெறும் ஒற்றுமையை எடுத்தாளல் என்று நினைப்பதுதான் பெரிய வழுக்கல். புரோகோல் ஹாரமின் 'எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்' (1967) பாட்டில் மாவுமில்காரர் கதை சொல்கிறார் என்று ஒரு வரி உண்டு. பழைய ஆங்கிலக் கவிஞர் சாசரின் மில்லர் கதைதான் என்று பல கட்டுரைகள் அடித்துச் சொல்கின்றன. வரிகளை எழுதிய கீத் ரீட் அந்தக் கதையைத் தான் படித்ததே இல்லை என்று சொல்லியிருக்கிறார். பாட்டின் மற்ற வரிகளிலும் சாசரின் கதைக்குப் பொருந்துவது எதுவும் இல்லை. ஒரே ஒரு சொல் ஒத்துப்போனால் கேள்விக்குறி போடுங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு விவரங்களாவது பொருந்தினால்தான் அடுத்த படி.

சில சொற்றொடர்கள் நூலை விட்டுக் கழன்று பொதுச்சொத்தாகிவிட்டவை. பிங்க் ஃப்ளாய்டின் 'டைம்' (1973) பாட்டில் அமைதியான விரக்தியோடு காலம் தள்ளுவது ஆங்கிலேயர் வழக்கம் என்று வருவது தோரோவின் 'வால்டன்' (1854) வாக்கியத்தின் வழிவந்தது. சொற்றொடர் அங்கிருந்து வந்தது உறுதி. 'வால்டன்' முழுவதையும் பாட்டில் தேடுவது வீண். ஷேக்ஸ்பியரும் பைபிளும் ஆங்கிலப் பேச்சிலேயே கரைந்திருப்பதால் அங்கே இன்னும் எச்சரிக்கை வேண்டும்.

தற்செயல்களும் உண்டு. பீட்டில்ஸின் 'ஐ ஆம் தி வால்ரஸ்' கடைசியில் கேட்கும் நாடகக் குரல்கள் 'கிங் லியர்' நான்காம் அங்கம் ஆறாம் காட்சி. 1967 செப்டம்பர் 29 அன்று ஒலிக்கலவை நடக்கும்போது வானொலியைத் திருப்ப, பிபிசி நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் தேர்ந்தெடுத்த காட்சி இல்லை. அதில் வரும் மரணப் பேச்சை வைத்து மெக்கார்ட்னி இறந்துவிட்டார் என்று வதந்தி கட்டியவர்கள் இருந்தார்கள். வால்ரஸ் என்ற பாத்திரம் மட்டும் கரோலின் கவிதை ஒன்றிலிருந்து தெரிந்தே எடுத்தது. அந்தக் கவிதையில் வால்ரஸ் நல்லவன் இல்லை என்பதை ஜான் லெனன் பிறகுதான் கவனித்தார், 1980 பேட்டியில் அதைச் சொன்னார்.

ஒரு பாட்டுக்கு ஒரே மூலம் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். 'தி பேட்டில் ஆஃப் எவர்மோர்' பாட்டில் கறுப்பு உடையில் வரும் மோதிர ஆவிகள் டோல்கீனுடையவை. அவலான் தேவதைகள் ஆர்தர் கதைகளைச் சேர்ந்தவர்கள். எல்லா வரியையும் டோல்கீனின் ஒரே போர்க்களத்தில் பொருத்திப் பார்க்கும் விளக்கங்கள் நடுவழியில் உடைந்துபோகும்.

மூலம் தெரியாமல் பாட்டைப் படித்தால் வரும் சேதத்துக்கும் எடுத்துக்காட்டு உண்டு. தி கியூர் குழுவின் முதல் பாட்டு 'கில்லிங் அன் அரப்' (1978) ஆல்பெர் காம்யூவின் நாவலில் கடற்கரைக் கொலைக்காட்சி. தமிழில் 'அந்நியன்' என்று வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பில் படிக்கலாம். தலைப்பை மட்டும் பார்த்தவர்கள் அதை அரபு மக்கள் மீதான வெறுப்பாக எடுத்துக்கொண்டார்கள். 1986 தொகுப்பு அமெரிக்காவில் வந்தபோது உறைமேல் விளக்கச் சீட்டு ஒட்ட வேண்டியதாயிற்று. பாடகர் தான் அந்நியன் என்று சொல்லும் வரியிலேயே நூலின் பெயர் இருக்கிறது.

உரிமை விவகாரமும் வரிகளை மாற்றும். கேட் புஷ் 'தி சென்சுவல் வேர்ல்ட்' (1989) பாட்டுக்கு ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' நாவலின் மாலி புளூம் பேச்சை அப்படியே பாட நினைத்தார். உரிமையாளர்கள் அனுமதிக்கவில்லை. அதே சாயலில் தானே எழுதினார். 2011இல் அனுமதி கிடைத்ததும் ஜாய்ஸின் சொற்களோடு 'ஃப்ளவர் ஆஃப் தி மவுண்டன்' என்று மறுபடி பாடினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் அனுமதி மறுப்பு ஒரு பாட்டை எப்படி வடிவமைத்தது என்று நேரடியாகத் தெரியும். ஒரு வரி மூலத்தை நெருங்கி நெருங்கி விலகிப்போவதாகத் தோன்றினால் காரணம் வக்கீல் நோட்டீஸாகவும் இருக்கலாம்.

எதில் தொடங்குவது, எந்த வரிசையில்

முதல் வாரத்துக்கு 'ஒயிட் ராபிட்' போதும். முதல் ஆலிஸ் நூலின் 5, 7, 8, 11ஆம் அத்தியாயங்களைப் படியுங்கள். அடுத்து 'டர்ன்! டர்ன்! டர்ன்!' (பேர்ட்ஸ் குழு, 1965): பிரசங்கி 3ஆம் அதிகாரத்தின் முதல் எட்டு வசனங்கள். அதில் பாட்டை முதலில் அமைத்த பீட் சீகர் சேர்த்தது எது என்று பிரித்துக் குறியுங்கள், கடைசி வரியில் சமாதானத்தைப் பற்றி வருவது கவனிக்க வேண்டிய இடம். பிறகு அயர்ன் மெய்டனின் 'ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மரினர்' (1984). பதின்மூன்றரை நிமிடம், கோல்ரிட்ஜின் கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் எங்கே மேற்கோள், எங்கே கதைச்சுருக்கம் என்று கோடு கிழித்துவிடலாம்.

நான்காவதாக மெட்டாலிகாவின் 'ஃபார் ஹூம் தி பெல் டோல்ஸ்' (1984). ஹெமிங்வே நாவலின் (1940) 27ஆம் அத்தியாயம், குன்றின்மேல் சிக்கிக்கொண்ட வீரர்கள். நாவலின் தலைப்பு ஜான் டன்னின் 1624 உரைநடையிலிருந்து வந்தது, அதையும் நோட்டில் ஏற்றுங்கள். ஐந்தாவது 'வுதரிங் ஹைட்ஸ்', ஆறாவது 'ஆல் அலாங் தி வாட்ச்டவர்', ஏழாவது 'தி சினிமா ஷோ'. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். வெளிப்படையானதிலிருந்து மறைவானதை நோக்கிப் போகிறது.

எட்டாவதாக 'ஹோம் அட் லாஸ்ட்'. 'ஒடிசி'யின் பன்னிரண்டாம் புத்தகத்தில் யுலிசிஸைப் பாய்மரத்தில் கட்டும் இடம் வரை படித்துவிட்டுப் பாட்டைப் போடுங்கள். பாட்டின் நாயகன் உண்மையிலேயே வீடு வந்து சேர்ந்துவிட்டானா என்பதை வரிகளை வைத்து முடிவு செய்து ஐந்தாவது கட்டத்தில் எழுதுங்கள்.